ஜோடி இல்லாத கொக்கு

என் மனைவியின் காதுகள் இரண்டும் ஒரு நாளும் ஒன்றுபோல இருந்ததில்லை. அதற்காக நான் இதுவரை யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. இனியும் தெரிவிப்பதாக இல்லை. அவளைக் கேட்டால், இந்த இரண்டு வாக்கியங்களைக்கூட எதற்கு எழுதினீர்கள் என்பாள். ஆனால் சிம்மக்கல்லில் எங்கள் தெருவில் அந்தக் காதைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. சில கதைகளில் நான் மந்திரவாதி. சில கதைகளில் ஜப்பான்காரனின் கையாள். இரண்டு வேலைக்கும் வேண்டிய புத்தி எனக்குக் கிடையாது. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் நகை செய்கிறவன். முப்பதுகளில் நகைக்கடைத் தெருவில் ஒரு கடையின் பின்கட்டில் என் பட்டறை இருந்தது. முன்கட்டில் முதலாளி சலவைச் சட்டையும் சந்தனமுமாக உட்கார்ந்து சிரிப்பார். பின்கட்டில் நான் உமி கனலுகிற ஓட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இருமுவேன். என் கையைப் பற்றித் தெருவில் நல்ல பேச்சு உண்டு. வாயைப் பற்றி அப்படி இல்லை. "பத்தரே, வாடிக்கை வந்திருக்காக, நீர் கொஞ்சம் உள்ளயே இரும்" என்று முதலாளி நாளுக்கு நாலு தரம் சொல்வார்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு கொள்கைதான்: ஜோடி. இடது பக்கம் கிளி என்றால் வலது பக்கமும் கிளி. அன்னம் வைத்தால் இரண்டு அன்னம், ஒன்றின் மூக்கை ஒன்று பார்த்தபடி. நடுவில் ஒரு சிவப்புக் கல். அப்பா அப்படித்தான் செய்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார். எங்கள் தெருவில் ஒரு நகையில் ஒற்றைக் கிளி நின்றால் அதைக் கலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்னொரு கிளிய எங்கய்யா வச்சிருக்க?" என்று கேட்டு என் மடியைத் தடவிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவிக்குத்தான் ஒரு காது போய்விட்டது.

அவள் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். அந்த ஊர்களில் பெண் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே காதைத் துளைத்து, கனமான தண்டட்டி போட்டு, காது தோளைத் தொடுகிற மட்டும் வளர்ப்பார்கள். அவள் காதும் வஞ்சனையில்லாமல் வளர்ந்திருந்தது. கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம் கழித்து, தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுக் கயிறு இடது தண்டட்டியில் மாட்டி இழுத்தது. காது கிழிந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். தையல் சீழ் வைத்துப் பிரிந்துவிட்டது. மறுபடி வெட்டித் தைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒரு தடவ கிணத்துக் கயிறு கிழிச்சுச்சு. ஒரு தடவ நீங்க கிழிச்சீக. போதும் டாக்டரய்யா, வாரேன்."

காதில் நகை இல்லாத சுமங்கலிக்கு எங்கள் பக்கம் மூளி என்று பெயர். மூளிக் காதுக்காரி ஆரத்தி எடுக்கக் கூடாது, மணவறைப் பக்கம் முதலில் போகக் கூடாது, வளைகாப்பில் வளையல் போடக் கூடாது. கிழிந்த காதை மறைக்க அவள் இடது பக்கம் மட்டும் பூவைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டது என் அத்தை.

அத்தை, அப்பாவின் அக்கா; என் மனைவிக்குப் பெரியம்மா முறை. எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் அத்தை கையில். அடுத்த தெருவில்தான் வீடு; ஆனாலும் எங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அவளுடைய இரண்டு தண்டட்டிகளும் எடையில், நீளத்தில், ஆட்டத்தில் ஒன்று. அவள் கோபமாகத் தலையை ஆட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும், கைதியின் இரண்டு பக்கமும் நடந்து வருகிற போலீஸ்காரர்களைப் போல. நடுவில் இருக்கிற கைதி பெரும்பாலும் நான்தான்.

அந்த வருஷம் என் தங்கைக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு எங்கள் வீட்டில். எங்கள் குடும்பத்தில் முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பைப் போட வேண்டும். அதைப் போட வேண்டியவள் மதினி, அதாவது அண்ணன் மனைவி. அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் கண்ணாடி வளையல். தங்கைக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணனுக்கு இருப்பது ஒரே மனைவி. அதில் குழப்பமே இல்லை. அத்தைக்கும் குழப்பமில்லை.

"அவ அடுப்படியப் பாத்துக்கட்டும். காப்ப நான் போட்டுவிடுறேன்" என்றாள்.

அத்தை போன பிறகு என் மனைவி வெகுநேரம் அரிசி புடைத்தாள். முறத்தில் அரிசி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"ஒங்க தங்கச்சி தலையில பேன் பாத்தது நானு. பாவாட நாடாவக் கட்டிவிட்டது நானு. அம்ம போட்டப்ப மூணு வாரம் வேப்பிலையோட பக்கத்துல ஒக்காந்திருந்தது நானு. இப்ப வேப்பிலைய அவுக கட்டுவாகளாம்."

"அத்தை ஒண்ணு சொன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பயந்தீகன்னா தாராளமாப் பயப்படுங்க. என்னையும் சேத்துப் பயப்படச் சொல்லாதீக."

இந்த நிலவரத்தில்தான் ஒரு துரைசாணி எங்கள் கடைக்கு வந்தார். ஏதோ பஞ்சாலையில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரரின் மனைவி. சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு புரூச்சைக் கொண்டுவந்திருந்தார். பின்பக்கத்து ஊசி ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும். முதலாளி அதை உள்ளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வேலைப்பாடு அற்புதம். மங்கலான தங்கத் தகட்டில், இடது ஓரத்தில், அடியில், வெள்ளை எனாமல் மினுக்குப் பூசிய ஒரு கொக்கு. அதன் காலடியில் மூன்று கோரைப் புல். வலது பக்கம் மேலே ஒரு நிலாக் கல். அதுவும் முழு நிலா இல்லை, பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டது. மற்ற இடமெல்லாம் சும்மா கிடந்தது. ஒரு பூ இல்லை, கொடி இல்லை, கல் இல்லை. இம்புட்டு நல்ல கைக்காரன் பாதியில் எழுந்து போய்விட்டானே, காய்ச்சல் கண்டிருக்கும் என்று நினைத்தேன். நிலாவையாவது கணக்குப் பார்த்து வைத்திருக்கக் கூடாதா? அதிலும் அந்தக் கொக்கு தனியாக நின்ற கோலம் எனக்குத் தாங்கவில்லை.

ஊசியைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு மூன்று நாள் உட்கார்ந்து ஒரு ஜோடிக் கொக்கு செய்தேன்.

யாரும் கேட்கவில்லை. கூலியும் பேசவில்லை. முழுக்க முழுக்க என் இரக்க சுபாவம். என்னிடம் கிடந்த வெள்ளியில், முதல் கொக்கைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் நிற்கிற மாதிரி செய்தேன். வெறுமையாக இருக்கிறதே என்று அதன் கழுத்தில் ஒரு குட்டி அட்டிகையும் போட்டுவிட்டேன். அதில் ஒரு சிவப்புக் கல். சூடு காட்டினால் பழைய கொக்கின் மினுக்கு வெடித்துவிடும் என்று தெரியும். அதனால் ஊதி ஒட்டாமல், தகட்டின் விளிம்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிற மாதிரி நகம் வைத்து மாட்டினேன். இப்போது புரூச் நிறைந்திருந்தது. எனக்கே கண் பட்டுவிடும்போல இருந்தது.

துரைசாணி வந்தார். புரூச்சைப் பார்த்தார். நானும் அன்று மட்டும் முதலாளி சொல்லைக் கேட்காமல் முன்கட்டுக்கு வந்து, புகழ்ச்சியை வாங்கிக்கொள்ள வசதியாக நின்றிருந்தேன்.

"இது என்ன?" அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் கேட்டார்.

"கொக்கு."

"தெரியும். ஏன்?"

"ஒண்ணு மட்டும் தனியா நின்னுச்சு. பாவமா இருந்துச்சு" என்றேன். முதலாளி முகத்தில் இருந்த சந்தனம் வேர்வையில் இறங்கத் தொடங்கியது. நான் சொன்னதை அவர் இங்கிலீஷில் சொன்னார்.

துரைசாணி என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலால் என் கொக்கை மூடிக் காட்டினார். "பார்." விரலை எடுத்தார். "பார்." மறுபடி மூடினார். எத்தனை தரம் அப்படிச் செய்தாரோ. கடைசியில் எனக்கும் தெரிந்தது. விரல் மூடியிருந்தபோது தகடு முழுக்கத் தண்ணீர். கொக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. விரலை எடுத்ததும் தண்ணீரைக் காணோம். வாய்க்கால் தகராறில் எதிரெதிரே நிற்கிற இரண்டு பங்காளிகள்தான் இருந்தார்கள். அதிலும் ஒரு பங்காளி அட்டிகை போட்டிருந்தான்.

தெரிந்ததே ஒழிய ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணு ரெண்டு, கை ரெண்டு, கோயில் வாசல்ல துவாரபாலகர் ரெண்டு. ஒத்தையா நின்னா அது கொறதான்னு சொல்லுங்க முதலாளி" என்றேன். முதலாளி எதைச் சொன்னாரோ, துரைசாணி சிரித்துவிட்டார்.

பிறகு அவர் நிறையப் பேசினார். கையை வீசி, விரலால் காற்றில் கோடு போட்டு, வெகுநேரம் பேசினார். முதலாளி முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஜப்பான்ல இப்பிடித்தானாம்" என்று மொழிபெயர்த்தார்.

நான் விடவில்லை. மிச்சத்தையும் சொன்னால்தான் ஜோடிக் கொக்கைக் கழற்றுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு துண்டுதுண்டாகச் சொன்னார்.

புரூச் துரைசாணியின் அம்மாவுடையது. பாரிஸில் வாங்கியது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு வரை ஐரோப்பாவிலும் நம்மைப் போலத்தானாம். இந்தப் பக்கம் ரோஜா என்றால் அந்தப் பக்கமும் ரோஜா. பிறகு ஜப்பான் துறைமுகங்கள் திறந்தன. கப்பல் கப்பலாக விசிறி, அரக்குப் பெட்டி, அச்சடித்த காகிதப் படங்கள் எல்லாம் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்த பாரிஸ் நகைக்காரர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதுவரை ராணிகளுக்குக் கிரீடம் செய்தவர்கள் வெட்டுக்கிளி செய்தார்கள், குளவி செய்தார்கள், இலை உதிர்ந்த ஒற்றைக் கிளை செய்தார்கள். மாட்டுக் கொம்பைச் செதுக்கிச் சீப்பாக்கி அதில் முத்து வைத்தார்கள். தங்கத்துக்குப் பக்கத்தில் செம்பை, செம்பாகவே தெரியும்படி வைத்தார்கள்.

"செம்பயா?" என்றேன். எங்கள் தெருவில் தங்கத்தில் செம்பு சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அது தெரியாமல் இருக்கத்தான் பாடுபடுவார்கள்.

"ஜப்பான் கொல்லன் அப்பிடித்தான் செய்வானாம்" என்றார் முதலாளி. அங்கே வாளுக்குப் பிடியும் தட்டும் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பிலும் செம்பிலும் வெள்ளியிலும் தங்கத்திலும் கலந்து படம் போடுவார்களாம். ஒரு நாள் இனி யாரும் வாள் கட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. வாளே இல்லாமல் வாள்பிடி எதற்கு? அந்தக் கைக்காரர்கள் உட்கார்ந்து அழவில்லை. அதே கையால் ஜாடி, பெட்டி, பொத்தான், புரூச் என்று செய்து வெள்ளைக்காரனுக்கே விற்றார்கள். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உத்தரவு போட்டவனின் பெயர் யாருக்குத் தெரியும்? கொக்கு மதுரை வரை வந்துவிட்டதே.

நகங்களை நிமிர்த்தி என் கொக்கைக் கழற்றினேன். பழைய தகட்டில் ஒரு கீறல் இல்லை. துரைசாணி புரூச்சைக் குத்திக்கொண்டு, என் கொக்கை என் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார். "உன் கொக்கு" என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் முட்டாள்தனத்தைக் கேட்டு அவள் சிரிப்பதுதான் எங்கள் வீட்டில் வழக்கமான ஊறுகாய். அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

"ஏங்க, நம்ம அம்மன் கையில எத்தன கிளி?"

"ஒண்ணு."

"இன்னொரு கை?"

"சும்மா தொங்குது."

"அது பாவம்னு அதுக்கும் ஒரு கிளி செஞ்சு குடுக்கப் போறீகளா?"

உருட்டிய கவளத்தை அப்படியே திரும்ப வைத்தேன். பிறந்தது முதல் வாரம் தவறாமல் போய்க் கும்பிட்ட சிலை. ஒரு கையில் கிளி, மறு கை அழகாக வெறுமனே தொங்குகிறது. அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, நான் பாட்டுக்கு ஜோடிக் கிளி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கையைத் துடைத்துவிட்டு வெள்ளிக் கொக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இது எங்க போகுது, நகையெல்லாம் போட்டுக்கிட்டு? விருந்துக்கா?" என்றாள். பிறகு அதை இடது காதின் மேல்மடலில் வைத்துப் பார்த்தாள். அங்கே கொப்பு என்கிற மேல்காது நகை மாட்டுகிற ஓட்டை ஒன்று இருந்தது. கீழ்க்காது கிழிந்த பிறகு அந்தக் காதில் எதுவும் வேண்டாம் என்று கொப்பையும் கழற்றி வைத்துவிட்டாள்.

"இந்த ஓட்ட சும்மாதான கெடக்கு" என்றாள். "இதுல நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. வளகாப்புக்கு."

"வெள்ளிய இடுப்புக்கு மேல போடக் கூடாது. ஊரு சிரிக்கும்."

"கொக்கு வெள்ளையாத்தான இருக்கும்? மஞ்சக் கொக்க நீங்க எங்க பாத்தீக?"

மறுநாள் காலையில் நான் வைகைக்குள் இறங்கினேன். ஆற்றில் தண்ணீர் அங்கங்கே கால் நனையும் அளவுக்கு ஓடியது. சிம்மக்கல் கரைக்கும் செல்லூர்க் கரைக்கும் நடுவே மணல். மணலின் ஓரத்தில் ஒரு கொக்கு. நான் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அதுவும் அசையவில்லை, நானும் அசையவில்லை. துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்ன பத்தரண்ணே, கொக்குக்கு அளவெடுக்கிறீகளா?"

"கொலுசு வேணும்னுச்சு."

"ஒத்தக் கால்ல நிக்கிது. ஒரு கொலுசு போதும், ஏமாந்துறாதீக!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு கொலுசு போதும் என்பது அன்று எனக்குச் சாஸ்திரம் போலக் கேட்டது. பலநாள் போய் உட்கார்ந்தேன். எந்தக் கொக்கும் இன்னொரு கொக்கின் மூக்கைப் பார்த்து நின்று நான் காணவில்லை. அது பார்ப்பதெல்லாம் எதிரே இருக்கிற வெறும் தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அது கொக்கே இல்லை, நட்டுவைத்த குச்சி.

புதுக் கொக்கை அப்படிச் செய்தேன். வெள்ளியை மெல்லிய தகடாக அடித்து உடம்பு. கந்தகப் புகை காட்டிக் கறுக்கவைத்த கம்பியில் ஒற்றைக் கால். அந்தக் காலே கொக்கியாக வளைந்து கொப்பு ஓட்டையில் நிற்கும். கழுத்து காதின் விளிம்போடு கீழே இறங்கி வரும். அலகு மட்டும் செம்பு, ஒளிக்காமல், செம்பாகவே. அந்த அலகு கிழிந்த காதுத் துண்டுகளுக்கு ஒரு நெல் அளவு மேலே வந்து நின்றுவிடும். அங்கேதான் எனக்குக் கை அரித்தது. மூன்று கோரைப் புல்லை வளைத்து வைத்தால் கிழிசலை மறைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"மறைக்கணும்னா பூவே போதாதா?" என்றாள். "கொக்குக்குத் தண்ணி வேணும்ல. அது அப்பிடியே கெடக்கட்டும்."

வளைகாப்பு நாள் வந்தது. வலது காதில் அம்மா வீட்டுத் தங்கத் தண்டட்டி தோளில் புரள, இடது காதில் வெள்ளிக் கொக்கு குனிந்து நிற்க, தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டு, பூவை நட்டநடுவில் வைத்து அவள் கூடத்துக்கு வந்தாள். கையில் வேப்பங்காப்புத் தட்டு. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். ஆண்கள் நிற்கக் கூடாத இடம் என்பது ஒரு காரணம்.

அத்தையின் இரண்டு தண்டட்டிகளும் ஆடத் தொடங்கின.

"காதுல என்னடி அது?"

"கொக்கு, பெரியம்மா."

"கொக்கா! ஊருல மயிலு செத்துப்போச்சா, அன்னம் செத்துப்போச்சா? அதுவும் வெள்ளியில. கால்ல போடுறத எடுத்துக் காதுல மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா பாரு." உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். "வாயில என்ன அது, செம்பா? ஏண்டா, தூணுக்குப் பின்னாடி நிக்கிறவனே, தங்கம் கெடைக்கலயா ஒனக்கு?"

என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் வெளியே வந்தேன்.

அத்தை எழுந்து போய் என் மனைவியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகைக்காரன் வீட்டில் பிறந்தவள் அல்லவா, கண் தன் வேலையைச் செய்தது. கொக்கின் கழுத்தை விரலால் ஒரு தரம் தடவினாள். குரல் ஒரு படி இறங்கியது.

"வேல நல்லாத்தான் இருக்கு. செஞ்சது செஞ்ச, ஜோடியாச் செஞ்சிருக்கக் கூடாது? இதே மாதிரி இன்னொண்ண அந்தக் காதுலயும் மாட்டிக்க. இந்தக் கிழிசல முந்தானையால மூடிக்க. ரெண்டு காதும் ஒண்ணுபோல இருந்தா நான் ஒண்ணுஞ் சொல்லல. காப்ப நீயே போடு."

கேட்டவுடன் எனக்குள் இருந்த பழைய ஆள் துள்ளி எழுந்தான். அட்டிகைக் கொக்கு பெட்டியில் இருக்கிறது! அதை வலது காதில் தொங்கவிட்டால் போச்சு, சண்டை முடிந்தது, எல்லோரும் சாப்பிடலாம். பெட்டி இருந்த பக்கம் நான் ஒரு அடி எடுத்துக்கூட வைத்துவிட்டேன்.

"எடுத்துட்டு வராதீக" என்றாள் என் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. பிறகு அத்தையிடம் சொன்னாள்: "இதுக்கு ஜோடி கிடையாது பெரியம்மா. மூடவும் மாட்டேன். கிழிஞ்ச காது என்னோடது. இம்புட்டு நாளு ஒங்களுக்காகப் பூவ வச்சு மூடினேன். இன்னிக்குக் கொக்கு நிக்கிது. காப்பு போடுறது நான்தான்."

"ஒத்தையில நிக்கிறது தோஷம்டி! வயித்துப் புள்ளக்காரிக்கு ஆகாது!"

அப்போது நான் வாயைத் திறந்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. "அத்தே, நம்ம அம்மன் கையில எத்தன கிளி?"

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் சரக்கைத் திருடி விற்கிறவனைப் பார்க்கிற பார்வை. ஆனாலும் நல்ல அடி, அத்தை இதோடு அடங்கிவிடுவாள் என்று நான் மார்பை நிமிர்த்தி நின்றேன்.

அத்தை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அது அம்மன். இது ஒம் பொண்டாட்டி" என்றாள்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பதில் அவ்வளவு நன்றாக இருந்தது. சிரிக்காதவள் என் மனைவி ஒருத்திதான். தட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அடுப்படிப் பக்கமும் போகவில்லை, பெட்டிப் பக்கமும் போகவில்லை. ஆற்றில் நான் பார்த்த நிற்பு அது. நாளெல்லாம் ஆனாலும் அவள் அங்கேயே நிற்பாள் என்பது எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மணையில் உட்கார்ந்திருந்த என் தங்கை முக்கி முனகி, பின்னால் கையூன்றிச் சாய்ந்தாள்.

"அத்தே, எனக்கு இடுப்பு கழண்டு விழுது. கொக்கோ குருவியோ, மதினி, வந்து போட்டுவிடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

ஏழு மாதக்காரி நீட்டிய கையை வெறுங்கையாக மடக்கவிடக் கூடாது. அதுவும் எங்கள் வீட்டுச் சட்டம், அத்தை சொல்லிக்கொடுத்ததுதான். என் மனைவி மணைக்கு முன்னால் உட்கார்ந்து, குனிந்து, வேப்பங்காப்பைத் தங்கையின் மணிக்கட்டில் கட்டினாள். குனிந்தபோது கொக்கும் குனிந்தது. தங்கை அதை ஆட்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மதினி, மீனு எதும் சிக்குச்சா?" என்றாள். அப்போதுதான் என் மனைவி சிரித்தாள்.

அத்தை அன்று எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. எலுமிச்சைச் சோற்றை மட்டும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இரண்டு காதும் இருந்தன. அத்தைதான் முதலில் எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகு என் மனைவி அந்தக் காதை ஒரு நாளும் மூடவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முன்வரிசையில், இடது பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்காருவாள். தெருவில் எனக்குக் கொக்குப் பத்தர் என்று பெயர் விழுந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயரை இங்கே எழுத முடியாது. ஆகவே எனக்கு லாபம்தான். முதலாளி மட்டும், "ஒத்த நகைய ஒரு பயலும் வாங்க மாட்டான் பத்தரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். வாங்கவில்லை. நானும் செய்வதை நிறுத்தவில்லை. ஜோடிக் கிளிகளுக்கு நடுவே அவ்வப்போது ஒற்றை வெட்டுக்கிளி, ஒற்றைக் கோரை என்று எதையாவது செய்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான், மதுரையில் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். பாதித் தெரு கிராமங்களுக்குக் கிளம்பிவிட்டது. அத்தை ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க வந்து, நிலைப்படியிலேயே ஆரம்பித்தாள்.

"அந்த எதிரி நாட்டுக் கொக்க வீட்டுக்குள்ள விடாதீகன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டீகளா? இப்ப குண்டோட வாரான் அவன்!"

என் மனைவி கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். இடது காதைத் திருப்பி வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வந்தா நல்லதுதான பெரியம்மா. தன் ஊரு கொக்க அடையாளம் பாத்து நம்ம வீட்ட மட்டும் விட்டுட்டுப் போயிருவான். அதுவரைக்கும் நீங்களும் இங்கயே வந்து இருங்க."

அத்தையின் தண்டட்டிகள் இரண்டும் ஆடவில்லை. யோசித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாயும் தலையணையுமாகத் திரும்பி வந்தாள். எங்கே விரிக்கலாம் என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் என் மனைவியின் இடது பக்கம், கொக்குக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டாள்.